ஜெமினி கணேசனுக்கும் ரேகாவுக்கும் என்ன பிரச்சினை? நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி திருச்சியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. "சாவித்திரி கதையைப் படமாக எடுத்தபோது, அதில் அப்பாவைத் தப்பாகக் காட்டிவிட்டார்கள் என்று ஜெமினி கணேசனின் ஒரு மகள் கோபப்பட்டார். இன்னொரு மகள் அந்தப் படத்துக்கு ஆதரவாகப் பேசினார். ரேகா அப்பாவை விட்டே விலகி இருந்தார். இதில் யார் சொல்வதை நம்புவது?"

நல்ல கேள்வி. முதலில் யார் யாருடைய பிள்ளை என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் குழப்பமாகிவிடும். 1940-இல் கல்யாணம் செய்துகொண்ட மனைவி அலமேலு, வீட்டில் பாப்ஜி என்று கூப்பிடுவார்கள். அவருக்கு நான்கு பெண்கள். அப்பாவுக்காகக் கோபப்பட்ட டாக்டர் கமலா செல்வராஜ் அதில் ஒருவர். அப்புறம் நடிகை புஷ்பவல்லி. ரேகாவும் ராதாவும் அவருடைய பெண்கள். மூன்றாவது சாவித்திரி. விஜய சாமுண்டீஸ்வரி, சதீஷ்குமார் என்று இரண்டு பிள்ளைகள். படத்துக்கு ஆதரவாகப் பேசியவர் இந்த விஜய சாமுண்டீஸ்வரிதான்.

ரேகாவுக்கும் அப்பாவுக்கும் 'தகராறு' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். சண்டை போட வேண்டுமென்றால் முதலில் ஆள் வீட்டில் இருக்க வேண்டுமே! ரேகா வளர்ந்த வீட்டில் அப்பா இல்லை, அவ்வளவுதான். ரேகாவும் பாப்ஜி அம்மாவின் பெண்களும் சென்னையில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார்கள். மற்ற பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவதற்காக அப்பா அங்கே வருவார், அப்போது தூர நின்று பார்த்திருக்கிறேன் என்று ரேகாவே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். அழவில்லை, திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

ஆனால் பாசம் கிடைக்கவில்லை என்பதோடு இதை முடித்துவிட முடியாது. இதில் பணம் இருக்கிறது, தொழில் இருக்கிறது. 1947-இல் 'மிஸ் மாலினி' வந்தபோது அதில் கதாநாயகி யார் தெரியுமா? புஷ்பவல்லி. அதற்கு முன்பே 'பால நாகம்மா' மூலம் பெரிய பெயர் வாங்கியவர். அதே 'மிஸ் மாலினி'யில் சின்ன வேஷத்தில் அறிமுகமானவர் கணேசன். கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஜெமினி ஸ்டூடியோவில் நடிகர் தேர்வுப் பிரிவில் வேலைக்கு வந்தவர். அதனால்தான் பெயருக்கு முன்னால் 'ஜெமினி'. ஏழு வருஷம் கழித்து, 1954-இல் ரேகா பிறந்தபோது நிலைமை தலைகீழ். கணேசன் ஏறுகிறார், புஷ்பவல்லி அம்மாவின் மார்க்கெட் இறங்குகிறது. பிறகு கடன் சேர்ந்தது. ரேகாவின் படிப்பு பாதியில் நின்றது. 1966-இல் தெலுங்கில் 'ரங்குல ராட்னம்' படத்தில் குழந்தை நட்சத்திரம். 1970-இல் இந்தியில் 'சாவன் பாதோன்' வந்தபோது வயது பதினாறுகூட நிரம்பவில்லை. நடிப்பில் தனக்கு அப்போது துளிகூட ஆசை இல்லை, வீட்டுக் கஷ்டத்துக்காகத் தள்ளிவிட்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தப் பக்கம் பாருங்கள். பாப்ஜி அம்மாவின் நான்கு பெண்களில் மூன்று பேர் டாக்டர், ஒருவர் பத்திரிகையாளர். கமலா செல்வராஜ் 1990-இல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்க வைத்துப் பேர் வாங்கியவர். ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்களில் சிலர் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள், ஒருத்தி கடன் அடைக்க செட்டுக்குப் போகிறாள். இதுதான் விஷயமே. இன்னொன்றையும் சொல்லணும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கணேசனுக்கு அத்தை முறை. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய அதே முத்துலட்சுமி ரெட்டிதான். அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர் இவர்.

சாவித்திரி விஷயத்தில் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. சென்னை மாகாணத்தில் இந்துக்கள் இரண்டாம் தாரம் கட்டக்கூடாது என்று 1949-லேயே சட்டம் வந்துவிட்டது. இவர்கள் 1952-இல் மைசூர் சாமுண்டி கோயிலில் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். வெளியே சொல்லவே வருஷக்கணக்கானது. 'மிஸ்ஸியம்மா', 'மாயா பஜார்', 'பாசமலர்' என்று அந்தம்மா உச்சத்தில் இருந்தவரை எல்லாம் ஓடியது. சொந்தமாக எடுத்த படங்களில் பணம் போனது, 'பிராப்தம்' கையைச் சுட்டது, குடியும் சேர்ந்தது. பத்தொன்பது மாதம் கோமாவில் கிடந்து 1981 டிசம்பர் 26-இல் போனார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கணேசன் 1996-இல் 'அவ்வை சண்முகி'யில் கமலைத் துரத்திக் காதலித்துத் தியேட்டரையே சிரிக்க வைத்தார். எழுபத்தைந்து வயதிலும் அவருக்கு வேஷம் இருந்தது. அந்த இரண்டு நடிகைகளுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

இப்போது 2018-இல் வந்த படத்துக்கு வருவோம். நம் ஊரில் 'நடிகையர் திலகம்', தெலுங்கில் 'மகாநடி'. அப்பாதான் சாவித்திரிக்குக் குடியைப் பழக்கினார் என்று காட்டியதும், வாய்ப்பில்லாமல் கிடந்தவர் மாதிரி காட்டியதும் பொய் என்பது கமலா அம்மாவின் கோபம். வாய்ப்பு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 'கல்யாணப் பரிசு' ஓடிய ஓட்டம் தெரிந்தவர்கள் அதை ஒத்துக்கொள்வார்கள். குடி விஷயம் நான்கு சுவருக்குள் நடந்தது. அதைத் தீர்ப்புச் சொல்ல நமக்கு அருகதை இல்லை. கமலா அம்மா பார்த்தது பள்ளிக்கூடம் வரை கூட்டிக்கொண்டு போன அப்பாவை. விஜயா பார்த்தது அம்மா சரிந்துபோனதை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

ரேகாவும் கடைசிவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிடவில்லை. 1990-களில் ஃபிலிம்பேர் வாழ்நாள் சாதனையாளர் விருதை அப்பாவுக்கு மேடையில் கொடுத்ததே ரேகாதான். அதற்குள் 'உம்ராவ் ஜான்' படத்துக்குத் தேசிய விருது வாங்கி, இந்தி சினிமாவில் அப்பாவைவிடப் பெரிய நட்சத்திரமாகிவிட்டார். மன்னித்துவிட்டாரா என்று கேட்டால், அதை அவர்தான் சொல்லணும். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.