ஃபயர்வால் விபிஎன் லைசென்ஸ்: ஆள் கணக்கா, கனெக்‌ஷன் கணக்கா?

சரி, அடுத்த கேள்வி. ஆபீஸ்ல 25 பேர் இருக்கோம், சின்ன ஃபயர்வால் வாங்கப்போறோம், வீட்ல இருந்து கனெக்ட் பண்றதுக்கு 25 விபிஎன் லைசென்ஸ்னு கொட்டேஷன்ல போட்டிருக்காங்க, அத்தனையும் வேணுமான்னு கேட்டிருக்காரு ஒருத்தர்.

கொட்டேஷன் குடுத்தவர்கிட்ட மொதல்ல ஒண்ணு கேளுங்க, இது ஆள் கணக்கா, இல்ல ஒரே நேரத்துல எத்தனை கனெக்‌ஷன்ங்கிற கணக்கா? சிஸ்கோ கம்பெனியோட விபிஎன் ஆப் செக்யூர் கிளையன்ட்ட எடுத்துக்குங்க, அதான் முன்னாடி எனிகனெக்ட்னு சொல்லிட்டு இருந்தோமே அதுதான், அதுல அட்வான்டேஜ், பிரீமியர்ங்கிற ரெண்டு லைசென்ஸும் ஆள் கணக்கு, ஒருத்தர் லேப்டாப், போன் ரெண்டுல வந்தாலும் ஒண்ணுதான். அதே கம்பெனியோட விபிஎன் ஒன்லி லைசென்ஸ் கனெக்‌ஷன் கணக்கு, அதுவும் அந்த ஒரு ஃபயர்வால் பாக்ஸோட முடிஞ்சுது. உங்க 25 பேர்ல ஒரே நேரத்துல எட்டு பேருக்கு மேல உள்ள வரமாட்டாங்கன்னா கனெக்‌ஷன் கணக்குல பத்து போதும், ஆள் கணக்குன்னா எப்பவாவது ஒருநாள் வர்றவரையும் சேர்த்துதான் எண்ணணும்.

ஆனா பத்து வாங்கிட்டு எட்டு பேர்தானேன்னு நிம்மதியா இருக்க முடியாது. நான் ஒரு எடத்துல பார்த்தேன், லைசென்ஸ் ஃபுல்னு புதுசா யாரையும் உள்ள விடல, செஷன் லிஸ்ட்ட, அதாவது இப்ப யார் யார் உள்ள இருக்காங்கங்கிற பட்டியல, தெறந்து பார்த்தா ஒரே யூசர் பேரு மூணு தடவ நிக்குது. அவரு வைஃபைல இருந்து போன் டேட்டாவுக்கு மாறியிருக்காரு, லேப்டாப்ப மூடி தெறந்திருக்காரு, பழைய செஷன் சாகாம சீட்ட புடிச்சு உக்காந்திருக்கு. ஐடில் டைம்அவுட்ட, அதாவது சும்மா கெடக்கற செஷன் தானா கட் ஆகுற நேரத்த, கொறச்சு, ஒரு யூசருக்கு ஒரு லாகின்தான்னு செட் பண்ணோம், அவ்ளோதான், லைசென்ஸ் ஒண்ணுகூட புதுசா வாங்கல.

அப்புறம் எந்த கிளையன்ட்டுக்கு, அதாவது லேப்டாப்ல போடுற விபிஎன் ஆப்புக்கு, எந்த லைசென்ஸ்னு பாருங்க. ஐபிசெக், எஸ்எஸ்எல்னு விபிஎன் போடுறதுல ரெண்டு முறை இருக்கு. சோனிக்வால் ஃபயர்வால்ல ஐபிசெக்ல போற குளோபல் விபிஎன் கிளையன்ட்டுக்கு ஒரு லைசென்ஸ், எஸ்எஸ்எல்ல போற நெட்எக்ஸ்டெண்டருக்கு வேற லைசென்ஸ், ஒண்ண வாங்கிட்டு இன்னொண்ண இன்ஸ்டால் பண்ணிட்டு முழிக்கிறவங்க நெறைய பேரு. பாலோ ஆல்டோ ஃபயர்வால்ல விண்டோஸ், மேக்ல இருந்து சாதாரணமா கனெக்ட் பண்ண தனி லைசென்ஸ் கேக்காது, ஆனா போன்ல அவங்களோட விபிஎன் ஆப்பான குளோபல்புரொடெக்ட் வேணும்னா கேக்கும். முதலாளி போன்லதான் பார்ப்பாருன்னா அத இப்பவே கேட்டு வச்சுக்குங்க.

சோஃபோஸ் ஃபயர்வால்ல கனெக்ட் கிளையன்ட் இலவசம், ஃபோர்டிநெட் கம்பெனியோட ஃபோர்டிகிளையன்ட்லயும் விபிஎன் மட்டும் இருக்கற இலவச வெர்ஷன் இருக்கு. ஆனா அவங்க ஃபயர்வால் ஃபோர்டிகேட்ல, அதோட சாஃப்ட்வேரான ஃபோர்டிஓஎஸ் 7.6.3ல இருந்து எஸ்எஸ்எல் விபிஎன் டனல் மோட, அதாவது ஆப் வழியா கனெக்ட் பண்ற முறைய, எடுத்துட்டாங்க, ஐபிசெக்குக்குத்தான் மாறணும், அதனால புதுசா வாங்குறவங்க எஸ்எஸ்எல்ல நம்பி பிளான் போடாதீங்க. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ்ங்கிற ஃபயர்வால் சாஃப்ட்வேர்ல ஓபன்விபிஎன், வயர்கார்டுங்கிற விபிஎன் முறைகளுக்கு ஆள் எண்ணிக்கையே கெடையாது, பாக்ஸ் எவ்ளோ தாங்கும்ங்கிறதுதான் எல்லை, ஆனா ஏதாவது மக்கர் பண்ணா உக்காந்து பார்க்க உங்ககிட்ட ஒரு ஆள் வேணும்.

அதனால நான் உங்க எடத்துல இருந்தா அந்த 25அ அடிச்சிட்டு, கனெக்‌ஷன் கணக்குல பத்துக்கு ரேட் கேப்பேன், மிச்சமாகுற காச ஃபயர்வாலோட சப்போர்ட் ரினியூவலுக்கு எடுத்து வைப்பேன், விபிஎன் போர்ட் இன்டர்நெட்ட பார்த்து தெறந்து கெடக்கும், ஓட்டைய அடைக்கிற பேட்ச் வராம அத வச்சிருக்கக் கூடாது.