சத்துக்குறைவுக்குத் தரப்படும் மருந்துகள்: அளவும் காலமும்

நேயர்களுக்கு வணக்கம். ரத்தச்சோகை, உடலின் உப்புச் சமநிலைக் கோளாறு, வைட்டமின் குறைவு ஆகியவற்றுக்குத் தரப்படும் மருந்துகளைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் பொது மருத்துவனான என்னை அழைத்திருக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தரும் மாத்திரைகளை நேரம் தவறாமல் சாப்பிடுகிறவர்கள்கூட, இரும்புச்சத்து மாத்திரையையும் வைட்டமின் மாத்திரையையும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. நினைத்தபோது சாப்பிடலாம், நினைத்தபோது விட்டுவிடலாம், கூடிப்போனாலும் கெடுதல் இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நோயாளிகளின் குடும்பங்களில் இந்த எண்ணம் விளைவிக்கும் துன்பத்தை அன்றாடம் பார்க்கிறவன் என்பதால், இன்று கொஞ்சம் விரிவாகவே பேச விரும்புகிறேன்.

இரும்புச்சத்திலிருந்து தொடங்குகிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் அது 53 சதவீதம். நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் திட்டம் 1970இலேயே தொடங்கிவிட்டது. மாத்திரை வீட்டுக்கு வந்து சேர்ந்தும் ரத்தம் ஊறவில்லை என்றால், அதற்கான காரணங்களில் ஒன்று அதைச் சாப்பிடும் முறையில் இருக்கிறது.

புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெண்களிடம், "மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள் அம்மா?" என்று நான் தவறாமல் கேட்பதுண்டு. "காலையில் டீயோடு போட்டுக்கொள்வேன் சார்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் அதை உறிஞ்சவிடாமல் செய்கின்றன. பாலும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அப்படியே. கர்ப்பிணிகளுக்கு இரண்டு மாத்திரைகளும் சேர்த்தே தரப்படுவதால், வேலை முடியட்டும் என்று ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். இரும்பு மாத்திரையை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ, எலுமிச்சைச் சாற்றோடு அல்லது வெறும் தண்ணீரோடு சாப்பிட்டு, சுண்ணாம்பு மாத்திரையை வேறொரு வேளைக்கு மாற்றிக்கொண்டால், அதே மாத்திரை கூடுதலாகப் பலன் தரும்.

பலர் மாத்திரையை நிறுத்திவிடக் காரணம் குமட்டல், வயிற்றெரிச்சல், மலச்சிக்கல். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து அஞ்சி நிறுத்துகிறவர்களும் உண்டு. இரும்பு சாப்பிடும்போது அந்த நிறம் இயல்பானதுதான். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது; மறுநாள் வரை நீடிக்கும் இந்த ஹார்மோன், குடல் மேலும் இரும்பை உறிஞ்சாதபடி தடுக்கிறது. 2017இல் சூரிச் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இரும்புச்சத்து குறைந்த இளம்பெண்கள் தினமும் சாப்பிடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டபோது, ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கு உடலில் சேர்ந்தது. ஆகவே தினமும் சாப்பிட முடியாதவர்கள் அடியோடு நிறுத்துவதற்கு முன், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் மட்டும் இதைத் தாமாகச் செய்துகொள்ளக் கூடாது. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரையை, நான்காம் மாதம் முதல் தினமும் ஒன்றாக 180 நாள்களும், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள்களும் சாப்பிட வேண்டும் என்பதே அரசுத் திட்டத்தின் கணக்கு. ரத்தச்சோகை இருப்பது தெரிந்தால் அந்த அளவையும் மருத்துவர் கூட்டுவார்.

மருந்து சரியாகச் சேர்ந்தால், ஒரு மாத அளவில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 2 கிராம் உயர வேண்டும். உயர்ந்து இயல்பு நிலைக்கு வந்த பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும். அப்போதுதான் உடலின் இரும்பு இருப்பு நிறையும். களைப்பு நீங்கியதும் நிறுத்திவிடுகிறவர்களுக்குச் சில மாதங்களில் சோகை திரும்பி வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால், மாத்திரையின் பெயரை மாற்றுவதில் பயனில்லை. மாதவிடாயில் ரத்தம் மிகுதியாகப் போகிறதா, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா, மூலம் இருக்கிறதா, மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கியிருக்கிறதா, கொக்கிப்புழு இருக்கிறதா என்று தேட வேண்டும். அறுபது வயதைக் கடந்த ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால், இரைப்பையையும் பெருங்குடலையும் உள்நோக்கியால் பார்க்காமல் மாத்திரை மட்டும் தருவது, உள்ளிருக்கும் புற்றுநோயை மறைத்து வைப்பதாக முடியலாம். பெற்றோர் வழியாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் பண்பு பிறவியிலேயே உள்ளவர்களுக்கும் ரத்த அணுக்கள் சிறுத்தே இருக்கும். அவர்களுக்கு, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு கொடுப்பது வீண், சிலருக்குத் தீங்கும்கூட. குடல் இரும்பை ஏற்காதவர்களுக்கும், பிரசவம் நெருங்கிவிட்ட நிலையில் சோகை கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கும், அயர்ன் சுக்ரோஸ், ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் போன்ற இரும்பு மருந்துகளை ரத்தக்குழாய் வழியாக, மருத்துவமனைக் கண்காணிப்பில் ஏற்றுகிறோம்.

எல்லாச் சோகையும் இரும்பால் வருவதில்லை. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளிடம் இரும்புக்குக் கட்டுப்படாத கடும் சோகையைக் கண்டார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அவர்கள் தேறியதை 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. அதை 1945இல் அமெரிக்காவில் செயற்கையாக உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் எல்லாபிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவரைச் சென்னையிலேயே பலர் அறியவில்லை என்பது என் வருத்தம்.

ஃபோலிக் அமிலம் கைக்கு வந்ததும், அதற்குள் மறைந்திருந்த ஓர் ஆபத்தும் தெரியவந்தது. வைட்டமின் பி12 குறைந்த நோயாளிக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும். ஆனால் தண்டுவடமும் நரம்புகளும் தொடர்ந்து சிதையும். ரத்த அறிக்கை நன்றாக இருக்கும், கால் மரத்துப்போய் நடை தள்ளாடும். எந்தச் சத்து குறைந்திருக்கிறது என்று பார்க்காமல் 'ரத்தம் ஊறும் மாத்திரை' வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்தே பி12 கிடைக்கிறது. சர்க்கரைக்காக ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், அமிலத்தைக் குறைக்கும் பான்டொப்ரசோல் போன்ற மாத்திரையை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும் அது குறையலாம். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் ஊசியில் தொடங்குகிறோம். இல்லையென்றால் 1,000 மைக்ரோகிராம் மாத்திரையே பலருக்குப் போதும். கடுமையான பி12 சோகையில் சிகிச்சை தொடங்கிய முதல் சில நாள்களில், புதிதாக உருவாகும் அணுக்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கக்கூடும். அந்த நாள்களில் அதையும் கண்காணிக்கிறோம்.

உப்புகளுக்கு வருவோம். வயதானவர் திடீரென்று பேச்சுத் தடுமாறி, ஆள் அடையாளம் தெரியாமல், சோர்ந்து கிடக்கிறார். வீட்டில் எல்லோரும் வயோதிக மறதி என்று நினைக்கிறார்கள். பரிசோதித்தால், லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் 115இல் நிற்கிறது. மருந்துச் சீட்டைப் புரட்டினால், ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையோடு, சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடோ குளோர்தாலிடோனோ சேர்ந்திருக்கும். உப்பு குறைந்துவிட்டது என்று கேட்டவுடன் கஞ்சியில் கைப்பிடி உப்பைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் பல நோயாளிகளுக்கு உடலில் குறைந்தது உப்பு அன்று, கூடியது தண்ணீர். அவர்களுக்குத் தண்ணீரைக் குறைப்பதும், காரணமான மாத்திரையை நிறுத்துவதுமே சிகிச்சை. வலிப்பு போன்ற கடும் அறிகுறி இருந்தால் மட்டும் 3 சதவீத உப்பு நீரைச் சிறிய அளவில் விரைந்து ஏற்றுகிறோம். அதன் பிறகு 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் சோடியம் உயராதபடி, மணிக்கணக்கில் பரிசோதித்துக்கொண்டே போகிறோம். வேகமாக உயர்த்தினால் மூளைத்தண்டின் நரம்புறை சிதைந்து, பேச்சும் விழுங்கும் ஆற்றலும் கைகால் அசைவும் போய்விடக்கூடும். "மூன்று நாளாகியும் உப்பு ஏறவில்லையே டாக்டர்" என்று கேட்கும் பிள்ளைகளின் பதற்றம் எனக்குப் புரிகிறது. அந்தத் தாமதம் நோயாளியின் நன்மைக்காகவே.

பொட்டாசியம் இன்னும் கண்டிப்பானது. அதைத் தண்ணீரில் கலந்து மருந்தாகக் குடிக்கலாம். ரத்தக்குழாயில் ஏற்றினால் நீர்த்துப்போகச் செய்து, பொது வார்டில் மணிக்கு 10 மில்லிமோல் என்ற அளவில்தான் செலுத்துகிறோம். நேராக ஊசியில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். எவ்வளவு கொடுத்தும் ஏறாதபோது மெக்னீசியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் நிற்காது. இதற்கு மறுபக்கமும் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், டெல்மிசார்ட்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், அன்போடு தினமும் கொடுக்கப்படும் இளநீரும், சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் பொட்டாசியம் கலந்த சமையல் உப்பும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டி ஆபத்தாகலாம்.

வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் வரலாறு இந்தப் பகுதியில் ஒப்பற்றது. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, ரத்தக்குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹாலனோபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய டிரம்களில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. இதன் வலிமை கலவையின் துல்லியத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டை, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் முழுவதையும் கொட்டினால் குழந்தையின் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறும். கூடுதலாகச் சர்க்கரை சேர்த்தால் போக்கு அதிகமாகும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

வைட்டமின் டி பற்றிச் சுருக்கமாக ஓர் எச்சரிக்கை. 60,000 அலகு கொண்ட மாத்திரை வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் எட்டு வாரம் என்றுதான் எழுதித் தரப்படுகிறது. அதைத் தினமும் ஒன்றாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் குழப்பமுமாக, சிறுநீரகம் பழுதாகி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்துக் கடையில் வாங்கும்போதே, வாரத்தில் எந்தக் கிழமை என்று அட்டையின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடைசியாக, பிள்ளை பெற்ற வீடுகளுக்கு ஒன்று. தாய் சாப்பிட வேண்டிய சிவப்பு மாத்திரைகள் மாதக்கணக்கில் அந்த வீட்டில் இருக்கும். தவழும் குழந்தையோ அதற்கு மூத்த பிள்ளையோ மிட்டாய் என்று எடுத்துவிடலாம். 10 கிலோ எடையுள்ள குழந்தை 10 மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முதலில் வாந்தி எடுக்கும். பிறகு சில மணி நேரம் தெளிவாக இருப்பதுபோல் தோன்றும். அதன் பிறகுதான் உடல் நிலைகுலையும். அந்த இடைவேளையைப் பார்த்து ஏமாந்துவிடாமல், மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு, உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரும்பை வெளியேற்றும் டெஸ்பெர்ரியாக்சமின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. சீக்கிரம் வந்தால் காப்பாற்றலாம். மாத்திரைகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். நன்றி, வணக்கம்.