பழைய ரேடியோவின் குரல் பேசும் ஸ்பீக்கர் பெட்டி: டிரைவர் தேர்விலிருந்து கடைசித் திருகு வரை

[திரையில்: மேசை மேல் ஒரு எட்டு இஞ்ச் ஸ்பீக்கர். அதன் காகிதக் கோனை ஒரு விரல் நுனி தட்டுகிறது.]

இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பொரித்த அப்பளத்தைச் சுண்டியது போல, லேசான, காய்ந்த சத்தம். இப்போது பக்கத்தில் இருக்கும் கார் வூஃபரைத் தட்டுகிறேன். ரப்பர் செருப்பைத் தட்டியது போல மொத்தென்று இருக்கிறது. இரண்டும் எட்டு இஞ்ச்தான். ஆனால் சீர்காழி கோவிந்தராஜன் குரல் கூடத்தில் நின்று பாடுவது போல வர வேண்டும் என்றால், நமக்கு வேண்டியது முதல் சத்தம்.

வணக்கம். பழைய வால்வு ரேடியோக்களின் ஒலியை ஒட்டி ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டியைச் சென்னையில் கிடைக்கும் பொருட்களை வைத்து எப்படி வடிவமைப்பது என்று இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். பலர் பெட்டியைத்தான் முதலில் செய்கிறார்கள். தேக்கு, வார்னிஷ், பித்தளைக் குமிழ் எல்லாம் முடிந்த பிறகு அந்த ஓட்டைக்குள் பொருந்துகிற ஒரு ஸ்பீக்கரைத் தேடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். நல்ல தேக்குப் பெட்டி. அதில் கனமான கோன் கொண்ட கார் வூஃபரை மாட்டி, நான்கு வாட்ஸ் வால்வு ஆம்ப்ளிஃபயரை இணைத்தேன். பாடகர் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவது போல இருந்தது. மரத்தில் ஒரு குறையும் இல்லை. டிரைவர், அதாவது கோனும் காந்தமும் சேர்ந்த அந்த ஸ்பீக்கர்தான் தப்பு. முதலில் டிரைவர், அதன் அளவுகள் சொல்கிறபடி பெட்டி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பழைய ஒலி என்று நாம் சொல்வது எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1924இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் இந்த ஊரில் தொடங்கியபோது, இன்று நாம் பார்க்கும் கோன் ஸ்பீக்கர் கடைக்கு வந்திருக்கவில்லை. ஹெட்ஃபோனும் ஊதுகுழல் மாதிரியான ஹாரனும்தான் இருந்தன. அடுத்த வருடம், 1925இல், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் காயில் எனும் கம்பிச் சுருள், காந்தம், காகிதக் கோன் ஆகியவற்றைச் சேர்த்த வடிவத்தை வெளியிட்டார்கள். இன்றைக்கும் அதே அமைப்புதான். வால்வு ரேடியோவில் இரண்டிலிருந்து நான்கு வாட்ஸ்தான் கிடைக்கும். அவ்வளவு சின்ன சக்தியில் கூடம் நிறைய வேண்டும் என்றால் கோன் லேசாக இருந்தே ஆக வேண்டும். லேசான கோன் குரலின் சின்னச் சின்ன அசைவுகளுக்கும் உடனே நகரும். அடிமட்ட பேஸ் குறையும், உண்மைதான். ஆனால் கர்நாடக சங்கீதத்துக்கும் பழைய பாட்டுக்கும் அது பெரிய இழப்பு இல்லை. ஒரு கட்டை சுருதியில் ஆதார ஸட்ஜம் ஏறக்குறைய 130 ஹெர்ட்ஸ். அதற்குச் சேர்க்கும் தம்புராவின் மந்தர ஸட்ஜமே 65 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது.

[திரையில்: ரிச்சி தெரு. கடை வாசலில் அடுக்கி வைத்த ஸ்பீக்கர்கள்.]

சரி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்கு வந்துவிட்டோம். கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் வேணும் சார்?" அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு பதில் சொல்லாதீர்கள். வாட்ஸ் என்பது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும், எவ்வளவு உரக்கப் பேசும் என்பதைச் சொல்லாது. பிஎம்பிஓ, அதாவது கணநேர உச்ச வாட்ஸ், என்று ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கும் எண்ணை எண்ணாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல்? கார் வூஃபர்களில் 86 என்று இருக்கலாம். நமக்கு 93, 95 வேண்டும். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் தேவைப்படும் சக்தி இரட்டிப்பாகும். ஆக, 95 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டு வாட்ஸில் தரும் ஒலியை, 86 டெசிபல் ஸ்பீக்கரில் பெற பதினாறு வாட்ஸ் வேண்டும். என் தேக்குப் பெட்டியில் நடந்தது இதுதான்.

அடுத்தது கோனின் ஓரம், அதாவது சரவுண்ட். சென்னையில் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஃபோம் சரவுண்ட் நம் வெக்கையிலும் ஈரக் காற்றிலும் சில வருடங்களில் பொடிப் பொடியாக உதிரும். விரலால் தொட்டால் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டும். துணியை மடித்துச் செய்த சரவுண்ட் வாங்குங்கள். ஐம்பது, அறுபது வருடப் பழைய ஸ்பீக்கர்களில் இன்றைக்கும் உயிரோடு இருப்பது அதுதான்.

பழைய ஸ்பீக்கர் கிடைத்தால் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம், மூன்று சோதனை செய்துவிட்டு. இரண்டு கைக் கட்டைவிரல்களையும் கோனின் இரு பக்கமும் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். கரகரவென்று உரசினால் காயில் காந்தத்தில் படுகிறது, வேண்டாம். மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். எட்டு ஓம் ஸ்பீக்கர் ஆறிலிருந்து ஏழு வரை காட்டும். அப்புறம் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். ஏற்கெனவே ரீகோன் செய்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கோனும், அதைப் பின்னாலிருந்து தாங்கும் ஸ்பைடரும் மாறியிருந்தால் பழைய கேட்டலாக்கில் இருக்கும் எந்த அளவும் அதற்குப் பொருந்தாது. கோபால்ட் கலந்த அல்னிகோ காந்தம் என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். 1978 வாக்கில் கோபால்ட் விலை எக்கச்சக்கமாக ஏறியதால்தான் தயாரிப்பாளர்கள் பலர் ஃபெரைட்டுக்கு மாறினார்கள். ஃபெரைட் காந்தத்திலும் அருமையான ஸ்பீக்கர்கள் உண்டு. காந்தத்தின் பெயரை விட கோனின் எடையைப் பாருங்கள் என்பது என் அபிப்பிராயம்.

[திரையில்: வீட்டு மேசை. ரெசிஸ்டர், மீட்டர், ஒரு களிமண் உருண்டை.]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கட்டத்துக்கு வருகிறோம். பெட்டியின் அளவை டிரைவரே சொல்லும். அதைக் கேட்டு வாங்கும் முறையை 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும், எழுபதுகளின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்துக் கொடுத்தார்கள். மூன்று எண்கள் போதும். டிரைவர் தானாக அதிரும் ஹெர்ட்ஸ், அது எஃப்எஸ். அந்த அதிர்வு எவ்வளவு அடக்கத்தில் இருக்கிறது என்பது க்யூடிஎஸ்; எண் ஏறினால் அடக்கம் குறைவு. கோனைப் பிடித்திருக்கும் சரவுண்டும் ஸ்பைடரும் தரும் நெகிழ்வு எவ்வளவு காற்றின் நெகிழ்வுக்குச் சமம் என்பது விஏஎஸ், லிட்டரில்.

டப்பாவில் காகிதம் இல்லாத ஸ்பீக்கராக இருந்தாலும் வீட்டிலேயே அளக்கலாம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து 1000 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஸ்பீக்கருக்கு இணைப்பு கொடுங்கள். செல்போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்று. ஸ்பீக்கரை நிமிர்த்திக் காற்றில் பிடித்துக்கொண்டு, 20 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் வோல்டேஜ் உச்சத்தைத் தொடும் இடம் எஃப்எஸ். ஒரு எச்சரிக்கை: கடையில் மலிவாகக் கிடைக்கும் சின்ன மஞ்சள் மீட்டரில் ஏசியின் மிகச் சிறிய படியே 200 வோல்ட்தான். மில்லிவோல்ட் ஏசி படிக்கும் மீட்டரை இரவல் வாங்குங்கள்.

என் டிரைவரில் 55 ஹெர்ட்ஸ் வந்தது. பிறகு பத்து கிராம் களிமண்ணைச் சமையலறைத் தராசில் நிறுத்து, கோனின் நடுவில் டஸ்ட் கேப்பைச் சுற்றி வளையமாக ஒட்டினேன். நாணயம் வைக்கலாமே என்று தோன்றும். நம் ஒரு ரூபாய் நாணயத்தை காந்தம் இழுக்கும், அளவு கெட்டுவிடும். களிமண்தான் சரி. எடை ஏறியதும் உச்சம் 42½ ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. 55ஐ 42½ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள். பத்து கிராமை அதனால் வகுத்தால் கோனின் எடை கிடைக்கும். ஏறக்குறைய 15 கிராம். முழுக் கோனும் காயிலும் சேர்ந்து நான்கு ஸ்பூன் சர்க்கரை அளவுகூட வரவில்லை! அதிலிருந்து கணக்குப் போட்டால் விஏஎஸ் 37 லிட்டர். உச்சத்தின் அகலத்தை வைத்துக் கணக்கிட்டதில் க்யூடிஎஸ் 0.5.

இந்த 0.5 தான் பெட்டியின் வகையைத் தீர்மானிக்கிறது. 0.4க்குக் கீழே என்றால் குழாய் வைத்த பேஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டி நன்றாக வரும். 1930களின் தொடக்கத்திலேயே பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் காப்புரிமை பெற்ற வடிவம் அது. 0.7ஐத் தாண்டிவிட்டால் பின்பக்கத்தை மூடாதீர்கள். பழைய ரேடியோ ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் இந்த ரகம். காந்தம் சின்னது, அடக்கம் குறைவு. அதை மூடிய பெட்டியில் வைத்தால் பானைக்குள் பேசுவது போல 'பும்' என்று வரும். ரேடியோவின் பின்னால் ஓட்டை போட்ட அட்டையை வைத்தது வால்வுச் சூட்டுக்காக மட்டும் இல்லை. இடைப்பட்டதாக இருந்தால் நான்கு பக்கமும் மூடிய பெட்டி. நம்முடையது இடைப்பட்டது.

மூடிய பெட்டிக்குள் வைத்த பிறகு இந்த அடக்க எண் 0.7 வந்தால் பேஸ் சமமாக இறங்கும். நம் 0.5ஐ 0.7 ஆக்க வேண்டும். வாய்ப்பாடு இதுதான்: விஏஎஸ்ஸைப் பெட்டி லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூடிஎஸ்ஸால் பெருக்குங்கள். பெட்டி 37 லிட்டர் என்றால் வர்க்கமூலம் 1.41. பெருக்கினால் 0.7. அதே 1.41ஆல் 55ஐப் பெருக்கினால் 78. பெட்டிக்குள் டிரைவர் 78 ஹெர்ட்ஸில் அதிரும் என்று அர்த்தம்.

[திரையில்: காகிதத்தில் வரைபடம். அகலமான, ஆழம் குறைந்த பெட்டி.]

இனி 37 லிட்டரை எந்த வடிவத்தில் அடைப்பது? இன்றைய ஸ்பீக்கர்கள் ஒல்லியாக, ஆழமாக இருக்கின்றன. பழையவை அகலம். அது அழகுக்காக மட்டும் இல்லை. ஒலியின் அலை முன்பலகையை விடப் பெரிதாகும்போது அது பலகையைச் சுற்றிப் பின்னால் போகத் தொடங்கும். எந்த இடத்தில் என்று தெரிய, 115ஐப் பலகையின் அகலத்தால், மீட்டரில், வகுத்தால் போதும். 20 சென்டிமீட்டர் பலகையில் 575 ஹெர்ட்ஸிலேயே குரல் மெலிய ஆரம்பிக்கும். ஆண் குரலின் சதை முழுக்க அதற்குக் கீழேதான் இருக்கிறது. நம் பலகை 43.6 சென்டிமீட்டர். அதில் 264 ஹெர்ட்ஸ் வரை குரல் முழுசாக நம்மை நோக்கி வருகிறது. பழைய ரேடியோவில் குரல் நெஞ்சோடு வருகிறதே என்று சொல்வோமே, அதற்கு இந்த அகலம் ஒரு பெரிய காரணம்.

உள் அளவு 40 அகலம், 50 உயரம், 19.5 ஆழம், எல்லாம் சென்டிமீட்டரில். பெருக்கினால் 39 லிட்டர். டிரைவரின் முதுகும் குறுக்குக் கட்டையும் இரண்டு லிட்டரை எடுத்துக்கொள்ளும். டிரைவரை நட்ட நடுவில் வைக்காதீர்கள். நான் இடது ஓரத்திலிருந்து 19, வலது ஓரத்திலிருந்து 24.6 என்று வைத்தேன். ஓரங்களில் பட்டுச் சிதறும் ஒலி ஒரே நேரத்தில் காதுக்கு வராது. இரண்டாவது பெட்டியில் இதைக் கண்ணாடி பிம்பமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மரத்துக்கு சைடன்ஹாம்ஸ் சாலை போனேன். எம்டிஎஃப் எனும் மரத்தூள் பலகை வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் ஓரம் உப்பிவிடும். 710 முத்திரை உள்ள 18 மில்லிமீட்டர் மரைன் ப்ளை எடுங்கள். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் இரண்டு பெட்டியும் அடங்கும். மேலே தேக்கு வெனீர் ஒட்டிக்கொள்ளலாம்.

வெட்டிக் கொடுத்த ஆசாரி முன்பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "தம்பி, நடுவுல காலியாப் பேசுது. ஒரு கட்டை குடுத்தாதான் வாயை மூடும்" என்றார். "எங்கண்ணே குடுக்கலாம்?" என்று கேட்டேன். நட்ட நடுவை விட்டு, டிரைவர் ஓட்டைக்கு அரை அடி தள்ளி, முன்பலகையையும் பின்பலகையையும் இணைக்கும்படி ஒரு ரீப்பர் கட்டையைப் பசை வைத்து இறுக்கினார். மறுபடி தட்டியபோது சத்தம் கல்லைத் தட்டியது போல மாறியிருந்தது. ஸ்பீக்கர் கணக்கு எதுவும் தெரியாமல் அவர் கை கண்டுபிடித்த இடம் அது.

ஆழம் குறைவு என்பதால், பின்பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி கோன் வழியாகவே வெளியே வரும். பின்பலகையிலும் பக்கங்களிலும் தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சை இரண்டு இஞ்ச் கனத்துக்கு ஒட்டுங்கள். சாதாரணப் பருத்திப் பஞ்சு நம் ஊர் ஈரத்தைக் குடித்துக் கட்டி தட்டிவிடும்.

உயர்ந்த ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காகிதக் கோன் ட்வீட்டர் ஒன்று, அதற்கு முன் 4.7 மைக்ரோஃபேரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்று. எட்டு ஓம் ட்வீட்டரில் அது ஏறக்குறைய 4200 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை மட்டும் அனுப்பும். ட்வீட்டரின் டெசிபல் பெரிய டிரைவரை விடக் குறைவாக இருக்கக் கூடாது. அதிகம் என்றால் எல்-பேட் எனும் ஒலி குறைக்கும் ரெசிஸ்டர் இணைப்பை வைத்து இறக்கிக்கொள்ளலாம். கடற்கரைப் பக்கம், பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ இருந்தால், வயர்களைக் கவ்வி மாட்டாமல் சால்டர் வைத்துவிடுங்கள். உப்புக் காற்றில் கவ்விகள் பச்சை பூத்துவிடும்.

[திரையில்: நாற்காலி பின்னும் பிரம்புப் பின்னல், சட்டத்தில் இழுத்து அடிக்கப்படுகிறது.]

முகத்துக்கு பிரம்புப் பின்னல். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து ஈரமாகவே சட்டத்தில் அடித்தால், காய்ந்ததும் மத்தளத் தோல் போல விறைத்து நிற்கும். பின்னால் துணி வைப்பதாக இருந்தால் அதை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் போனால் ஒலியும் போகும்.

மூடிய பிறகு 25 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓடவிட்டு, எரியும் ஊதுபத்தியை ஒவ்வொரு மூட்டின் அருகிலும் கொண்டுபோனேன். புகை நேராக ஏறினால் மூட்டு சரி. இரண்டாவது பெட்டியின் கீழ் மூலையில் புகை நடுங்கியது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். பிறகு அதே ரெசிஸ்டர், அதே மீட்டர். கணக்கு சொன்னது 78. பஞ்சு வைத்ததால் கொஞ்சம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். முதல் பெட்டி 76 காட்டியது, இரண்டாவது 75. உங்களுக்கு 85க்கு மேல் வந்தால் உள் அளவு குறைந்திருக்கிறது, டிரைவரைக் கழற்றி உள்ளே அளந்து பாருங்கள். உச்சமே தெளிவில்லாமல் மழுங்கிப் போயிருந்தால் எங்கோ காற்று கசிகிறது, ஊதுபத்தியை மறுபடி ஏற்றுங்கள்.

இரண்டையும் ஒன்றரை அடி முக்காலி மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். முதலில் ஓடவிட்டது தம்புரா மட்டும். நான்கு தந்தியும் தனித்தனியாக எழுந்து, ஒன்றின் மேல் ஒன்று படிந்து, அறைக்குள் சுற்றியது. பத்து நிமிடம் அப்படியே ஓடவிட்டுவிட்டு, பின்னலை மாட்டித் திருகுகளை முடுக்கினேன்.