ஐ.இ.பி. கூட்டத்துக்குப் போகும் பெற்றோருக்கு

வணக்கம் நேயர்களே. நியூ ஜெர்சியில் பிள்ளையின் ஐ.இ.பி. (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் நம்மவர்கள் நேரத்துக்குப் போய்விடுவார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டி, நன்றி சொல்லி, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். வாத்தியாருக்குத் தெரியாததா என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே! ஆனால் 1975 முதல் இந்த நாட்டுச் சட்டம் பெற்றோருக்கு அங்கே பேச உரிமை கொடுத்திருக்கிறது. பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டத்தை எழுதும் குழுவில் நீங்களும் உறுப்பினர்.

பிள்ளைக்குச் சிரமம் இருப்பதாகத் தோன்றினால் எழுதிக் கேளுங்கள். பள்ளி வாசலில் ஆசிரியையிடம் சொன்னது கணக்கில் வராது. தேதி போட்ட கடிதம் பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது உங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்துக்கு, கிடைத்தால், சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு தேவையா என்று முடிவெடுக்கும் கூட்டத்தை 20 நாட்களுக்குள் கூட்டியாக வேண்டும். பள்ளி விடுமுறை நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். கோடை விடுமுறையைக் கழிக்க முடியாது.

அப்புறம், இலக்குகள். இதில் நான் கொஞ்சம் கறார். "வாசிப்புத் திறன் மேம்படும்" என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். எவ்வளவு மேம்படும், யார் அளப்பது? "இப்போது நிமிடத்துக்கு 40 சொல் வாசிக்கிறான், ஜூன் மாதத்துக்குள் 70" என்று இருந்தால்தான் அடுத்த வருடம் கேள்வி கேட்க முடியும். பேச்சுப் பயிற்சி என்றால் வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா? எல்லாம் தாளில் வர வேண்டும். பேருக்கு ஏதோ முன்னேற்றம் போதாது, பிள்ளையின் நிலைக்குத் தக்க முன்னேற்றம் வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், செலவு மாவட்டத்துடையது. தயவுசெய்து மூத்த பெண்ணை உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.

முதல் திட்டம் உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் நடைமுறைக்கு வராது. பின்னால் வரும் மாற்றங்கள் அப்படியல்ல. பிடிக்கவில்லை என்றால் 15 நாட்களுக்குள் மத்தியஸ்தமோ விசாரணையோ கேட்க வேண்டும். சும்மா இருந்தால் அமலுக்கு வந்துவிடும். இந்த ஒன்றில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புக் கல்விக்கென்று பெற்றோர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்பது இம்மாநில விதி. நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்று நம்மவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. அங்கே வருகிற நாலு பேரும் அதே கவலையோடு வருபவர்கள்தான். அடுத்த கூட்டம் எப்போது என்று மாவட்டச் சிறப்புக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அப்பாக்களும் வரலாம், தடையொன்றும் இல்லை.