கட்டிவிட்டால் போதுமா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘ஊர்ப் பொது இடங்கள் பாழாவதற்குக் காரணம் மக்களின் பொறுப்பின்மையா, உள்ளாட்சியின் அலட்சியமா?’ உள்ளாட்சியின் அலட்சியமே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

“குளத்தில் குப்பை கொட்டுவது நாம்தானே?” என்று எதிரணித் தோழி கேட்டார். சரி, கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்புதான். ஆனால் எங்கள் ஊர்ச் சிறுவர் பூங்காவுக்கு வந்து பாருங்கம்மா. ஊஞ்சலில் ஒரு பக்கச் சங்கிலி அறுந்து தொங்குகிறது. சறுக்குமரத்தின் அடித்தகடு துருவேறிப் பெயர்ந்து, பிள்ளைகளின் காலைக் கிழிக்கிற மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் உடைக்கவில்லை. கடலோர ஊர், உப்புக்காற்று. அவ்வப்போது பெயின்ட் அடிக்காமல் விட்டால் இரும்பு தாங்குமா? கட்டுவதற்கு டெண்டர் விட்டார்கள், கல்வெட்டில் பெயர் பொறித்தார்கள். பராமரிக்க ஓர் ஆளைப் போடவில்லை.

நவம்பர் 1, 1956 நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள். அதே நவம்பர் 1-ஐத்தான் அரசு உள்ளாட்சிகள் தினமாக அறிவித்து, அன்று கிராமசபை கூட்டுகிறது. அந்தக் கூட்டத்திலும் ஊஞ்சலைச் சொன்னோம், குளத்தைச் சொன்னோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். அதோடு சரி. அப்புறம் நேரில் போய்க் கேட்டால், “குளம் எங்களுடையது இல்லை, வேறு துறை” என்கிறார்கள். அந்தத் துறைக்குப் போனால் இவர்களைக் கை காட்டுகிறார்கள். ‘சமுதாயச் சொத்துகளைப் பராமரித்தல்’ என்பது ஊராட்சிகளின் பணிகளில் ஒன்றாக அரசியலமைப்பின் 11-ஆம் அட்டவணையிலேயே இருக்கிறது, நடுவர் அவர்களே! வீட்டு வரி பாக்கி என்றால் மட்டும் வீடு தேடி ஆள் வருகிறது.

மக்களுக்குப் பொறுப்பில்லை என்றார்களே, எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரிப் படித்துறையில் குவித்தார்கள். பெண்கள் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார்கள். குவித்த செடியை அள்ளிக்கொண்டு போக ஒரு டிராக்டர் அனுப்புங்கள் என்று மட்டும்தான் உள்ளாட்சியிடம் கேட்டோம். வரவில்லை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, மழை காத்திருக்குமா? குவித்ததில் பாதி திரும்பக் குளத்துக்குள் போனது. ஒரு துண்டு மிதந்தாலே பெருகுகிற செடி, மறுபடியும் குளத்தை மூடிவிட்டது.

அந்தப் பையன்களை அடுத்த முறை எந்த முகத்தோடு கூப்பிடுவது? அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று எழுதிவிடாமல் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.