கோணல் மூக்கு ஸாக்கு

வணக்கம் நேயர்களே.

ரசனையைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பலர் சட்டென்று ஒரு வரியைச் சொல்லி முடித்துவிடுவோம்: லோகோ பின்ன ருசி. ஆளுக்கொரு ருசி. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் பேச்சை நிறுத்தத்தான் அதைச் சொல்கிறோம். உனக்குப் பிடித்தது உனக்கு, எனக்குப் பிடித்தது எனக்கு, விடு என்கிற தொனியில். எனக்கு அது போதவில்லை. ருசி ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றால் பேச வேண்டியது அங்கேதானே நிறைய இருக்கிறது? அதற்கு இன்று ஒரே ஒரு ஜப்பானிய அனிமே கதையை, அதாவது ஓவியங்களை அசையவிட்டுச் சொல்லும் கதையை, எடுத்துக்கொள்கிறேன். வரைந்த விதத்தில் அது மோசமான வேலை. அதன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

1979ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘மொபைல் சூட் கண்டாம்’ என்ற தொடர் தொடங்கியது. இயக்கியவர் யோஷியுகி டொமினோ. பாத்திரங்களை உருவாக்கி, ஓவியத்துக்கும் பொறுப்பாக இருந்தவர் யோஷிகாசு யாசுஹிகோ. ராட்சத ரோபோக்களைப் போர்க்கருவிகளாகவும், போரை இரு தரப்பிலும் மனிதர்கள் சாகிற விஷயமாகவும் காட்டிய தொடர் அது. இன்று அதன் பெயரில் பெரிய சாம்ராஜ்யமே இருக்கிறது. அன்று பார்க்க ஆளில்லை. 52 பகுதிகளாகத் திட்டமிட்டதை 43இல் முடித்துவிட்டார்கள். மறு ஒளிபரப்பும் பண்டாய் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பொம்மைகளும் வந்த பிறகுதான் அது உயிர்பெற்றது.

அந்தத் தொடரின் 15ஆம் பகுதி, ‘குக்குருஸ் டோவானின் தீவு’. ஜூலை 1979இல் ஒளிபரப்பானது. ஜப்பானிய ரசிகர்களிடம் ‘சகுகா ஹோகாய்’ என்று ஒரு பேச்சு உண்டு. படம் வரைந்த வேலை அப்படியே சரிந்துபோய்விட்டது என்று சொல்வதற்கு. இந்தப் பகுதியின் பெயர் அந்தப் பேச்சில் தவறாமல் அடிபடும்.

எவ்வளவு மோசம் என்று கேட்பீர்கள். எதிரிப் படையான ஜியோனின் ரோபோவுக்கு ஸாக்கு என்று பெயர். பச்சை நிறம், தடித்த கை கால், ஒரே ஒரு கண், முகத்தின் முன்னால் குட்டையாக ஒரு மூக்கு. மற்ற பகுதிகளில் பார்த்தால் இரும்புக் கனம் கண்ணிலேயே தெரியும். இந்தப் பகுதியில் அதே ஸாக்கு மெலிந்து போயிருக்கிறது. கை கால்கள் குச்சியாக நீண்டுவிட்டன. மூக்கு முன்னால் இழுத்துவிட்டதுபோல் துருத்திக்கொண்டிருக்கிறது. ஒரு காட்சியில் இருக்கும் உடம்பு அடுத்த காட்சியில் இல்லை. ருசி ஆளுக்கு ஆள் மாறும் என்பதற்காக இதைச் சரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. தோள் கோணலாக இருந்தால் அது கோணல்தான். எனக்கும் கோணல், உங்களுக்கும் கோணல்.

ஏன் இப்படி ஆகிறது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. 1963ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடர் ஆரம்பித்தபோது, வாராவாரம் அரை மணி நேர அனிமேஷன் என்பது ஜப்பானில் நடக்காத காரியமாகத் தோன்றியது. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். ஒரே படத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்தினால் 8 படம் வரைந்தால் போதும். பேசும்போது வாய் மட்டும் அசையட்டும். ஹீரோ பறக்கிற காட்சியை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த வாரமும் பயன்படுத்தலாம். தொலைக்காட்சி அனிமே இப்படிப்பட்ட சிக்கனத்தில்தான் வளர்ந்தது. கண்டாம் அதே வழியில் வந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் தங்கள் கையாலேயே முடிக்க முடியாதபோது வேலையை வெளியே கொடுப்பார்கள். 15ஆம் பகுதி அப்படிப் போனதுதான்.

சரி, கதை என்ன? அமுரோ என்ற பதின்வயதுப் பையன், கண்டாம் என்ற ராட்சத ரோபோவை ஓட்டுபவன், ஒரு சின்னத் தீவில் டோவானிடம் மாட்டிக்கொள்கிறான். டோவான் ஜியோன் படையை விட்டு ஓடிவந்த சிப்பாய். அங்கே சில அநாதைப் பிள்ளைகளை வளர்க்கிறான். அவர்களுடைய பெற்றோர் இறந்தது டோவான் சுட்டதில். பிள்ளைகளைக் காப்பாற்ற அவனிடம் ஆயுதமில்லாத ஒரு ஸாக்கு இருக்கிறது. தேடிவரும் பழைய தோழர்களை எதிர்த்து அந்த ஸாக்கு பாறைகளைத் தூக்கி எறிகிறது, முஷ்டியால் குத்துகிறது. சண்டை முடிந்ததும் அமுரோ செய்வது எனக்கு மறப்பதில்லை. கண்டாமால் அந்த ஸாக்குவைத் தூக்கிக் கடலில் எறிந்துவிடுகிறான். டோவானின் மேல் படிந்திருக்கும் போரின் வாடைதான் எதிரிகளை இங்கே இழுத்துக்கொண்டு வருகிறது, அதை இல்லாமல் செய்துவிடுகிறேன் என்கிறான். டோவானுக்கும் அது புரிந்துவிடுகிறது.

இங்கேதான் என் ரசனை வருகிறது. வரைந்தது மோசம், ஆனாலும் கதை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் பார்த்தது அது இல்லை. அந்த மெலிந்த ஸாக்குவைப் பார்க்கும்போது, சோறும் குண்டும் இல்லாத ஒரு தீவில் இத்தனை நாள் தாக்குப்பிடித்த இயந்திரம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வாடிப்போன ஒரு மனிதனைப் போலவே அது நிற்கிறது. பின்னணியில் வரைய நேரமில்லாமல் வெறுமையாக விட்ட இடங்களும் அந்தத் தீவின் தனிமையோடு சேர்ந்துகொண்டன. வரைந்தவர்கள் இதை நினைத்து வரையவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவசரத்தில் வந்த பிழை. ஆனால் திரையில் வந்துவிட்ட பிறகு அது என் கண்ணுக்கு எதிரே இருக்கிறது, அது என்னை என்ன செய்கிறது என்பதை நான்தான் சொல்ல முடியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த மூக்கு கதையையே மறைத்துவிடலாம். அவர் பார்ப்பதும் பொய்யில்லை.

பிழையைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே படம் பார்ப்பவர்கள் உண்டு. நான் அதைச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பில் படைப்பின் மேல் அக்கறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

டொமினோவுக்கு இந்தப் பகுதி ஆகாது. அவருடைய விருப்பப்படி அமெரிக்க வெளியீட்டில் இதைச் சேர்க்கவில்லை. தொடரைச் சுருக்கி 1981, 82இல் வந்த மூன்று திரைப்படங்களிலும் டோவான் கிடையாது. படைத்தவருக்குத் தன் வேலையைப் பற்றி வெட்கப்பட உரிமை உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் பார்த்தவர்கள் விடவில்லை. 2022ஆம் ஆண்டு ஜூனில் யாசுஹிகோ, தன் எழுபதுகளில், அதே கதையை முழுத் திரைப்படமாக இயக்கினார். கடல், பாறை, முகங்கள் எல்லாம் அழகு. அதில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாவற்றையும் திருத்தியவர் டோவானின் ஸாக்குவை மட்டும் திருத்தவில்லை. அதே மெலிந்த உடம்பு, அதே நீண்ட மூக்கு, இந்த முறை கவனமாக, வேண்டுமென்றே வரைந்தது. ஒரு காலத்தில் பிழையாக வந்த உருவம் அந்தப் பாத்திரத்தின் முகமாகவே ஆகிவிட்டது.

இருந்தும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பழைய அரை மணி நேரப் பகுதியைத்தான். புதிய படத்தில் பிள்ளைகள் அதிகம், ஆடு கூட உண்டு, தீவுக்கு அடியில் ஏவுகணை ரகசியம் வேறு. அவ்வளவு நிறைந்ததும் அந்தத் தீவின் வறுமை எனக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. புதியதுதான் சிறந்தது என்று சொல்பவர்களோடு உட்கார்ந்து காட்சி காட்சியாகப் பேச எனக்கு ஆசை.

இன்னொரு உதாரணம், சுருக்கமாக. 1995, 96இல் வந்த, ஹிடெயாகி அன்னோ இயக்கிய ‘எவாங்கெலியன்’ என்ற அனிமே தொடர். அதில் அசுகா, ரெய் என்ற இரண்டு பதின்வயதுப் பெண்கள் லிப்டில் நிற்கிற காட்சி. ஏறக்குறைய ஒரு நிமிடம் படம் அசைவதே இல்லை, லிப்ட் ஓடுகிற சத்தம் மட்டும். பணமும் நேரமும் மிச்சம் என்று ஒருவர் சொல்வார். இருவருக்கும் இடையே இருக்கும் வெறுப்பு என் கழுத்தைப் பிடிக்கிறது என்று இன்னொருவர் சொல்வார். நான் இரண்டாமவர் பக்கம். அதே தொடரின் கடைசி இரண்டு பகுதிகளில் கோட்டோவியங்களும் எழுத்துகளும் வந்து நின்றபோது ரசிகர்கள் பலர் கொதித்துப்போனார்கள். அந்தக் கோபமும் எனக்குப் புரிகிறது.

கண்டாம் தொடரைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தால், 15ஐத் தாண்டிப் போய்விடு, கதைக்கு அது தேவையில்லை என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். தாண்டாதீர்கள். பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால், எந்த இடத்தில், எந்தக் காட்சியில் மனம் விலகியது என்று நிலையத்துக்கு எழுதுங்கள். ஆவலோடு படிப்பேன்.

நன்றி, வணக்கம்.