கவுனி அரிசியும் கயால் பாட்டும்

(காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் வளவில், இசை கேட்கும் நண்பர்கள் கூடிய மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைப் பெரியோர்களே, ஆச்சிமார்களே, இளைய நண்பர்களே, வணக்கம்.

சற்று முன்பு இந்த வீட்டாரின் உபசரிப்பில் நாம் எல்லோரும் கவுனி அரிசி சாப்பிட்டோம். அந்தக் கறுப்பரிசி பர்மாவிலிருந்து நம் முன்னோரோடு கப்பலேறி வந்த கதையை இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சாய்ந்திருக்கும் தூண்களின் தேக்கும் அங்கிருந்து வந்ததுதான். நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்தும் பளிங்கு இத்தாலியிலிருந்தும் வந்தன. ஆனால் இரங்கூனிலும் மாந்தலேயிலும் தலைமுறைக் கணக்கில் கடை வைத்திருந்த குடும்பங்களில், ஒரு பர்மியப் பாட்டை முணுமுணுக்கத் தெரிந்த ஐயா ஒருவரையாவது பார்த்துவிட வேண்டும் என்று நான் பல ஆண்டுகள் விசாரித்திருக்கிறேன், ஒருவரும் அகப்படவில்லை. சுருதி சேர்த்த முரசுகளை வட்டமாக அடுக்கி, நடுவில் ஒருவர் அமர்ந்து வாசிக்கும் அந்த நாட்டு மேளம் அவர்கள் இருந்த தெருவிலேயே முழங்கியிருக்கும். நாக்கு ஏற்றுக்கொண்டதைக் காது ஏற்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. காதின் இயல்பு அது. அந்த இயல்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இசைக்கு மொழி இல்லை, எல்லை இல்லை என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அது உண்மையாக இருந்தால் நம் ஐயாக்கள் பர்மியப் பாட்டோடு வந்திருப்பார்கள். ஒவ்வோர் இசையும் ஒரு மொழியே. அதற்கு எழுத்து உண்டு, இலக்கணம் உண்டு, அதைப் பேசி வளர்ந்தவர்களுக்கு மட்டும் சட்டென்று விளங்கும் சிலேடையும் உண்டு. கற்றால்தான் வரும். கற்பது பாடுவதற்காக மட்டும் அன்று, கேட்பதற்காகவும்தான் என்பதே என் கட்சி.

நம் பாட்டை முதன்முதலாகக் கேட்கும் ஓர் ஐரோப்பியரை எண்ணிப் பாருங்கள். பிள்ளையார்பட்டியிலோ குன்றக்குடியிலோ ஓதுவார் ஒருவர் பழம்பஞ்சுரப் பண்ணில் ஒரு பதிகத்தைப் பாடுகிறார். அந்தப் பண்ணை இன்று சங்கராபரண இராகத்தில் பாடுவது வழக்கம். ஐரோப்பியர் மேஜர் ஸ்கேல் என்று சொல்வதும் ஏறத்தாழ அதே ஏழு சுரங்கள்தாம். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டுச் சமஸ்கிருத சாகித்தியம் செய்த நோட்டுசுவரங்கள் இந்த இராகத்தை ஒட்டியே அமைந்தன. இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டும் அவற்றுள் ஒன்று. ஆகவே ஏணியின் படிகள் இருவருக்கும் பொது. ஆனாலும் நம் விருந்தினருக்கு ஓதுவாரின் பாட்டில் ஏதோ ஒன்று நடக்கவே இல்லை என்று தோன்றும். பாட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பார். நம்மை அவர்கள் ஊர்த் தேவாலயத்துக்கு அழைத்துப்போய் நான்கு குரல் சேர்ந்திசையைக் கேட்க வைத்தால், ஆளுக்கொன்று பாடுகிறார்களே, எதைக் கேட்பது என்று நாம் விழிப்போம்.

இருவர் குழப்பத்துக்கும் வேர் ஒன்றே. நம் பாட்டில் தம்புராவின் சட்சமம், அதாவது ஆதாரச் சுரமான ‘ச’, தரைபோல அசையாமல் கிடக்கிறது. பாடுபவர் அந்தத் தரையில் நடக்கிறார். ஒவ்வொரு சுரத்துக்கும் பொருள், அது சட்சமத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதிலிருந்து பிறக்கிறது. அவர்கள் இசையில் தரையே நகர்கிறது. மேலே ஒரு குரல் மூன்றாம் சுரமான காந்தாரத்தைப் பிடித்து நிற்க, கீழேயுள்ள குரல்கள் இடம் மாறும்போது, அந்தக் காந்தாரம் ஒருகணம் மகிழ்ச்சியாகவும் மறுகணம் ஏக்கமாகவும் மாறிவிடுகிறது. அந்த நகர்வுக்காகக் காத்திருந்து பழகிய காது நம் தம்புராவுக்கு முன் உட்கார்ந்தால் ஏமாந்துதான் போகும். தரை நகராது என்பதை முதலில் அதற்குச் சொல்ல வேண்டும். பிறகு நடையைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்த தடை கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் முறை. தோடி இராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்மோனியத்தில் அந்தக் கட்டையை அழுத்தினால் தோடி வராது, இழவு வீட்டுச் சங்குபோல ஒன்று வரும். முன்சுரமான ரிஷபத்துக்கும் அடுத்த சுரமான மத்தியமத்துக்கும் இடையே ஊசலாடுவதுதான் அந்தக் காந்தாரம். அசைவே அதன் உடம்பு. 1940-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்தக் காரணத்தை எந்தத் தோடி ரசிகரும் ஒப்புவார். மேனாட்டுக் காதோ, நேராக நிற்கும் சுரத்தையே சுரம் என்று பழகியது. அது நம் காந்தாரத்தைக் கேட்டு, பாடகர் சுரத்தைத் தேடித் தடுமாறுகிறார் என்று நினைக்கிறது.

இதற்குப் பழிக்குப் பழியாக, ஆப்பரா பாடகியின் குரல் நடுக்கத்தைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். நானும் சிரித்தவன்தான். ஒலிபெருக்கி இல்லாமல், வாத்தியக் குழு முழுவதையும் தாண்டி, அரங்கின் கடைசி வரிசைவரை தன் குரலைக் கொண்டுபோகப் பயின்ற தொண்டை அது என்பதையும், அந்த நடுக்கம் குரலின் நிறத்தைச் சேர்ந்தது, சுரத்தைச் சேர்ந்ததன்று என்பதையும் பின்னாளில்தான் அறிந்தேன். நம் கம்பிதம் என்னும் அசைவுக் கமகம் இந்த இராகத்தின் இந்தச் சுரத்துக்கு மட்டும் உரியது. அவர்கள் நடுக்கம் எல்லாச் சுரத்தின் மேலும் சமமாகப் பூசப்பட்ட மெருகு. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்ததால் வந்த சிரிப்பு அது.

கடல் கடப்பானேன்? இந்துஸ்தானி இசை நமக்கு எவ்வளவு தெரியும்? பெயரிலேயே முதல் இடறல். அவர்கள் தோடி என்று அறிவித்துவிட்டுப் பாடுவது நம் சுபபந்துவராளி. நம் தோடியின் சுரங்களோ அவர்களிடம் பைரவி என்ற பெயரில் இருக்கின்றன. நம் பைரவி வேறு. இதைக்கூட ஒரு பட்டியலைப் பார்த்து அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். பொறுமையின் இலக்கணம் அப்படியன்று. இந்துஸ்தானிக் கச்சேரியின் முதன்மைப் பாட்டு வகையான கயாலை மிக விளம்பமாக, அதாவது மிக மெதுவாக, பாடும்போது பன்னிரண்டு மாத்திரை கொண்ட ஏக்தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் ஒரு நிமிடத்தை எட்டிவிடும். கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பழகிய நமக்கு, அந்த வேகத்தில் கை எங்கே விழுவது என்று தெரிவதில்லை. சிறுவயதில் நான் முதன்முதலாகக் கேட்ட கயால் கச்சேரியில், இருபது நிமிடம் ஆகியும் பாடகர் இன்னும் பாட்டைத் தொடங்கவில்லை என்று நினைத்து, காபி குடிக்க வெளியே போனேன். திரும்பி வந்தபோது அந்த உருப்படி முடிந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எதைத் தவறவிட்டேன் என்பது எனக்கு விளங்கப் பத்து ஆண்டுகள் ஆயின. பாடகர் எங்கெங்கோ அலைந்துவிட்டு, தபலா சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், விழும் அந்த ஒரு கணத்தில் பல்லவியின் முதற்சொல்லோடு வந்து சேர்கிறாரே, அந்த வருகைக்காகத்தான் அங்கே சபையே காத்திருக்கிறது. நம் ஊரில் ஆதிதாளத்துக்குத் தொடைதட்டி விரல்விடும் ரசிகரைப் பார்த்து வெளிநாட்டார் வியக்கிறார்கள் அல்லவா? வடக்கத்தி சபையில் நாமும் அதே வெளிநாட்டார்தாம்.

எதிர்பாராத உறவுகளும் உண்டு. எகிப்தின் பாடகி உம் குல்தூம் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறொரு வளைவோடு பாடுவார். கெய்ரோ சபை எழுந்து நின்று கூவி, இன்னொரு முறை பாடச் சொல்லும். ஒரே அடியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நம் நிரவலைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இது அந்நியமாக இராது. அந்தச் சபையில் நம் ஊர்ப் பழைய ரசிகர் ஒருவரை உட்காரவைத்தால் முதல் சபாஷ் அவருடையதாகவே இருக்கும். இடறுவது சுரத்தில்தான். அரபு இசையில் ராஸ்த் என்னும் மகாமின், நம் இராகம் போன்ற ஒன்றின், காந்தாரம், சாதாரண காந்தாரம் என்று நாம் சொல்லும் தாழ்ந்த காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரம் என்னும் உயர்ந்த காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கும். முதலில் சுருதி பிசகியதாகவே படும். நாலு நாள் கேட்டால் அதற்கும் ஒரு வீடு இருப்பது தெரியும்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். 1952-இல் சங்கீத நாடக அகாடமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, கருநாடக இசைக்கென்று பெற்ற இருவரில் ஒருவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், மற்றவர் வீணை காரைக்குடி சாம்பசிவ ஐயர். வடக்கிலிருந்து முஷ்தாக் உசேன் கானும் அலாவுதீன் கானும். அடுத்தடுத்த இரண்டு ஊர்களின் பெயர் இப்படி ஒரே பட்டியலில் ஏறியதை நாம் போதுமான அளவு பெருமையாகப் பேசிக்கொள்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். அரியக்குடியார் வர்ணத்தில் தொடங்கி, நடுத்தரக் காலத்தில் கீர்த்தனைகளை அடுக்கி, இராகம் தானம் பல்லவியைக் கடந்து, துக்கடாக்களில் இறங்கும் கச்சேரி முறையை நிலைநாட்டியவர் என்று போற்றப்படுகிறார். புதிதாக வருபவருக்கு அந்த முறை பெரிய உதவி. ஒன்று புரியாவிட்டால் அடுத்தது பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் அதே முறைதான் நம்மைக் கயாலின் நிதானத்துக்கு முன் பொறுமையற்றவர்களாக ஆக்கியதோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. அவருடைய மாணவர் கே. வி. நாராயணசுவாமி அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அதே வெஸ்லியனில் கருநாடக இசையைக் கற்கத் தொடங்கி, பிறகு இந்தியாவுக்கு வந்து புல்லாங்குழல் வித்துவான் டி. விசுவநாதனிடம் கற்றவர் ஜான் இக்கின்ஸ் என்ற அமெரிக்கர். 1965-இல் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையில் அவர் பாடினார். பின்னர் இக்கின்ஸ் பாகவதர் என்றே பெயர் நிலைத்தது. 1984-இல், நாற்பத்தைந்து வயதில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் அவர் சாலையில் மாண்டார். அவர் இசைத்தட்டைக் கேட்பவர்கள் முதலில் வியப்பது உச்சரிப்பைக் கண்டுதான். இசைக்கு மொழி இல்லை என்று அவர் நம்பியிருந்தால் அந்தச் சொற்களோடு அத்தனை ஆண்டு மல்லுக்கு நின்றிருக்க மாட்டார்.

இந்த இடத்தில் தமிழிசையைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த வளவே என்னை மன்னிக்காது. கானாடுகாத்தானில் பிறந்த இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டவும், 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றவும் காரணமானவர். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்ற அந்தக் கோரிக்கையை, பிறமொழிப் பாட்டின் மேலுள்ள வெறுப்பாகத் திரித்தவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகவே படுகிறது. சொல் புரிந்து கேட்பது எவ்வளவு பெரிய இன்பம் என்பதைத் தாய்மொழிப் பாட்டில் ருசித்தவர்தான், தெலுங்குக் கீர்த்தனையைக் கேட்கும்போதும் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பார். ருசித்திராதவர் எந்த மொழியிலும் வெறும் ஒலியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்.

மற்றொரு பயணத்தைச் சொல்லி முடிக்கிறேன். கிரானா கரானா என்னும் இந்துஸ்தானி இசை மரபின் பாடகர் அப்துல் கரீம் கான் வடக்கே பிறந்து, மைசூருக்கும் சென்னைக்கும் வந்து, நம் வித்துவான்களைக் கேட்டுக் கேட்டு, கயாலில் சுரம் பாடும் முறையையே அந்தப் பாதிப்பில் வளர்த்துக்கொண்டவர். 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இரயிலில் போகும் வழியில் நெஞ்சு வலிக்க, சிங்கப்பெருமாள்கோயில் நிலையத்தில் இறங்கி, தம்புராவை மீட்டச் சொல்லிப் பாடியபடியே அந்த நடைமேடையில் உயிர்விட்டார் என்று சொல்வார்கள். அவர் தியாகராசரின் கரகரப்பிரியா கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டில் பாடியிருக்கிறார். அவருக்கு அது வடக்கே காபி என்று சொல்லும் இராகத்தின் ஏழு சுரங்கள். சொற்களில் வடக்கு தெரியும்; நாம் கமகம் எதிர்பார்க்கும் சில இடங்களில் சுரம் நேராக நிற்கும்; சில பிடிகள் அரியக்குடியிலேயே பிறந்ததுபோல இருக்கும்.

அந்தத் தட்டைத்தான் இப்போது போடப்போகிறேன். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம், மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். ஆச்சி, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். முதல் முறை தாளம் போடாமல் கேட்போம். இரண்டாம் முறை போட்டதும், அவருடைய காந்தாரம் எங்கே நிற்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.